ஐஸ்கிரீம் டப்பாவில் வடகம்

புதுச்சேரிப் பக்கத்துச் செலியமேட்டில் ஏதாவது ஒரு வீட்டின் சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும், அங்கே யாருடைய ஆட்சி நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். அதில் வெங்காய வடகம். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டை எடுத்த புளி. பிஸ்கட் டின்னில் சுண்டைக்காய் வத்தல். தீபாவளிக்கு மகனின் கம்பெனியில் கொடுத்த ஸ்வீட் பெட்டியில் பட்டை, கிராம்பு, ஒரு பழைய சாவி, இரண்டு ஊக்கு. டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்பிக் கையை விடும் பேரப்பிள்ளைகள் சின்ன வயதிலேயே உலகத்தைப் பற்றி ஒரு தெளிவுக்கு வந்துவிடுகிறார்கள். கரண்ட் போன இரவிலும் இந்த அலமாரியில் கை தவறாமல் எடுக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அறுபதைத் தாண்டிய அவரை இந்தப் பக்கத்து வழக்கப்படி ஆயா என்றே சொல்வோம். மகனுக்குக் கிருமாம்பாக்கத்தில் வேலை, மருமகள் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய்வருகிறார். கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்தாயிற்று. ஆயா மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஓய்வு கொடுக்கும் துணிச்சல் வீட்டில் யாருக்கும் கிடையாது.

புதுச் சாமான் எது வந்தாலும் ஆயாவுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. சினிமாவும் டிவி சீரியலும் கிளப்பிவிட்ட அவதூறு அது. உண்மையில் வீட்டுக்குள் வந்த எந்த இயந்திரத்தையும் அவர் விரட்டியதில்லை. வந்த அன்றைக்கே வேலைக்குச் சேர்த்துக்கொண்டுவிடுவார். கம்பெனிக்காரன் சொன்ன வேலையைத்தான் கொடுப்பார் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் உள்ளே குளிரும், பின்பக்கம் சுடும். உள்ளிருந்து பிடுங்கிய வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் அதன் தொழில். கடைக்காரர் குளிரை மட்டும் விற்றார். ஆயா சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். மார்கழியில் பாலுக்கு உறை ஊற்றி அந்தப் பின்பக்கத்தை ஒட்டி வைப்பார், விடிவதற்குள் தயிர் கட்டியாகத் தோய்ந்திருக்கும். என் வாதம் இதுதான்: பழைய இல்லத்தரசியின் திறமை உடலுழைப்பில் இருந்ததாக நாம் தப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். எதை, எப்போது, எவ்வளவு என்று முடிவெடுப்பதில் அது இருந்தது. உழைப்பில் பெரும்பகுதியை இயந்திரம் வாங்கிக்கொண்டது. முடிவெடுக்கும் வேலையை வாங்கிக்கொள்ள எந்த இயந்திரமும் முன்வரவில்லை. ஆகவே நவீன வீட்டில் ஆயாவின் அதிகாரம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

மாவையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சாரத்தில் சுழலும் கிரைண்டரை உருவாக்கிய பிறகு, ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து தோள் கழன்றுபோகச் சுற்றிய காலம் மெல்ல முடிந்தது. அதற்காக அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் இந்த உளுந்து புதுசா பழசா, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், தண்ணீரை எத்தனை முறையாகத் தெளிக்க வேண்டும், மாவு பொங்கி நிறைந்துவிட்டதா என்பதையெல்லாம் கல்லிடம் விட முடியாது. அதற்கு அப்புறம்தான் பெரிய கேள்வி வருகிறது. மாவைப் புளிக்க வைப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். லியூகோனாஸ்டாக் என்ற இனத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்கிறார்கள் நுண்ணுயிரியலாளர்கள். அவற்றுக்குக் கடிகாரம் தெரியாது, வெப்பம்தான் தெரியும். கத்திரி வெயிலில் சாயங்காலம் அரைத்த மாவு சாமத்துக்குள் பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழியும். மார்கழியில் விடிந்த பிறகும் வைத்த இடத்தில் அப்படியே கிடக்கும். ஆயா கோடையில் மாவு பாதி எழும்பும்போதே ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடுவார். பனிக்காலத்தில் சாக்கைச் சுற்றி அடுப்போரம் வைப்பார். ஒரு காலத்தில் மாவு சொன்ன நேரத்துக்கு ஆயா எழுந்தார். இப்போது ஆயா சொன்ன நேரத்துக்கு மாவு எழுகிறது. பாக்கெட் மாவு வாங்குகிற வீட்டில் இந்த அறிவு கடைக்காரரிடம் போய்விடுகிறது. அவர் கண்ணுக்கு எந்த மாவும் புளிப்பதில்லை, விற்கும் வரை எல்லாமே இன்று காலையில் அரைத்ததுதான்.

வடகம் இதைவிட நுட்பமான சங்கதி. சித்திரை வெயில் ஏறியதும் சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் மொட்டை மாடிக்குப் போகும் படலம் தொடங்கும். வெங்காயத்தை மிக்ஸியில் ஓடவிட்டால் விழுதாகிவிடும்; விழுது நீர் விடும்; நீர் விட்டது சரியாகக் காயாமல் நாறும். உரலில் இடித்தால் ஒன்றிரண்டாக நசுங்கும், வேண்டியது அந்தப் பதம்தான். அதற்காக ஆயா உரலைத் தேடிப் போனாரா? அவர் முழங்கால் அப்படிப்பட்டதல்ல. மிக்ஸியின் திருகை எதிர்ப்பக்கம் ஒரு நொடி திருப்பி விட்டுவிடுவார், மறுபடி திருப்பி விட்டுவிடுவார். விட்டு விட்டு ஓடும் மிக்ஸி, உரல் செய்த வேலையைச் செய்து தரும். பிறகு உருட்டிக் காயவைத்து, சாயங்காலம் உடைத்துப் பிசைந்து, திரும்ப உருட்டி, விளக்கெண்ணெய் தொட்டு, ஈரம் சுத்தமாக வற்றும் வரை நாள் கணக்கில் வெயில். ஈரம் இல்லாத இடத்தில் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பிழைப்பு இல்லை. வருஷம் முழுக்கக் கருவாட்டுக் குழம்பும் கீரையும் இந்த ஒரு உருண்டையின் தாளிப்பில் மணக்கும். 1954-இல் புதுச்சேரியின் ஆட்சியை ஒப்படைத்துக் கிளம்பிய பிரெஞ்சுக்காரர்கள் இங்கே எதை விட்டுச் சென்றார்கள் என்று அடிக்கடிப் பேசுகிறோம். அவர்கள் தங்கள் சமையலறைக்குள் கொண்டுசென்றவற்றில் இந்த வடகமும் உண்டு. இன்று ‘வடுவான்’ என்ற பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய உணவகத்துச் சமையல்காரர்கள் அதை இறைச்சிக்கும் காலிஃபிளவருக்கும் தூவுகிறார்கள், பலர் ஓவனில் வைத்துத்தான் காயவைக்கிறார்கள். ஆயாவிடம் இதைச் சொன்னால் பெருமைப்பட மாட்டார். வெயிலே இல்லாத ஊரில் இவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்பார்.

துவரம்பருப்பில் விளக்கெண்ணெயைப் பிசிறி வெயிலில் காட்டி எடுத்து வைப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். வண்டு முட்டையிட்டாலும் எண்ணெய்ப் படலம் மூடிக்கொள்வதால் முட்டைக்குக் காற்று கிடைக்காது, பொரிக்காது. பயறு வகைகளைச் சேமிக்க எண்ணெய் பூசலாம் என்று வேளாண் விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். ஆயாவுக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம். வண்டு வராது என்பது தெரியும்.

இதற்கு முதலில் வரும் ஆட்சேபம், இது வெறும் கருமித்தனம், கடையில் எல்லாம்தான் கிடைக்கிறதே என்பது. ஆட்சேபத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கட்டிலுக்கடியில் கவருக்குள் கவராகத் திணித்த கவர் மூட்டையை எந்த விஞ்ஞானத்தாலும் நியாயப்படுத்த முடியாது. காலாவதியான காய்ச்சல் மாத்திரையை ‘இருக்கட்டும்’ என்று வைத்திருப்பது ஆபத்தும்கூட. ஆனால் மீதிப் பாதிக்கு இந்த ஊர்ப்பக்கமே பதில் சொல்லும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியாக வந்து பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் ஃப்ரீசரில் இருக்கும் கோழிக்கும் ஃபோனில் இருக்கும் ஆர்டர் செயலிக்கும் ஒரே கதிதான். கருவாடும் வத்தலும் ஊறுகாயும் உள்ள வீட்டில் அடுப்பு மூட்ட வழி இருந்தால் குழம்பு இருக்கும். தண்ணீர் அலமாரி உயரத்துக்கு ஏறிய வீட்டில் வடகமும்தான் போகும், அங்கே யாருடைய சாமர்த்தியமும் செல்லாது. மற்ற வீடுகளில் டப்பாவை ஏளனம் செய்தவர்கள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அரசாங்கமும் ஒருமுறை இந்தப் பாடத்தைப் படித்தது. புதுச்சேரியில் சில ஆண்டுகள் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். பொருளாதாரப்படி அரிசியும் அதன் விலையும் ஒன்றுதான். ஆயாவின் கணக்கில் ஒன்றல்ல. அரிசியை ஊறவைத்து இட்லிக்கு ஆட்டலாம், கூழ் வடகம் ஊற்றலாம், நொய்யைக் கோழிக்குப் போடலாம், களைந்த நீரை மாட்டுக்கு வைக்கலாம். பணத்தை ஊறவைக்க முடியாது; ஊறவைப்பதற்கு முன்பே அது மகனின் பெட்ரோலாகிவிடும். 2024 தீபாவளிக்கு ரேஷன் கடைகள் மறுபடி திறந்து அரிசியும் சர்க்கரையும் கொடுத்தபோது, அது ஆயாவின் கொள்கை வெற்றி என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அம்மியையும் வடகத்தையும் புகழ்வது பெண்களை மறுபடி அடுப்படியில் உட்காரவைக்கும் தந்திரம் என்பது. இப்படிப் புகழ்கிறவர்களில் பலர் அம்மியை மியூசியத்தில் மட்டும் தொட்ட ஆண்கள் என்பதால் சந்தேகம் நியாயமானதே. ஆனால் இயந்திரம் வந்தால் பெண்ணுக்கு நேரம் தானாக மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் அதே அளவுக்குச் சந்தேகத்துக்கு உரியது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சலவை இயந்திரம் வந்ததும் வாரத்துக்கு ஒருமுறை துவைத்த துணியைத் தினமும் துவைக்கத் தொடங்கினார்கள். ஆணும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை இயந்திரம் ஒழித்தது. எஞ்சியதெல்லாம் அம்மாவின் தலையில் விழுந்தது என்பது அவர் கண்டது. நம் கதையும் வேறில்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் 2019-இல் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், 2024-இல் 289. ஐந்து ஆண்டுகளில் மிக்ஸியும் மெஷினும் ஆன்லைன் கடையும் சேர்ந்து மிச்சப்படுத்தியது பத்து நிமிடம். வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் நேரம் 97 நிமிடத்திலிருந்து 88 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. அவர்களுக்கும் ஏதோ ஒரு கருவி கிடைத்திருக்கிறது போலும்.

ஆகவே ஆயாவின் அறிவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் மருமகளைப் பிடித்து மாடிக்கு அனுப்ப வேண்டும் என்று பொருளில்லை. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கு வடகம் பிசைய நேரம் இல்லை என்பது ஆயாவுக்கே தெரியும். மருமகளின் சம்பளம் குடும்பத்துக்கு என்ன செய்கிறது என்பதும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த அறிவு எழுத்தில் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ வெளியிட்டபோது, கண்ணளவை ஆழாக்கு அளவாக மாற்றி அச்சில் ஏற்றும் காரியத்தைச் செய்தார். ஆனால் அது ஒரு சமூகத்தின் சமையல்; செலியமேட்டு ஆயாவின் கருவாட்டுப் பக்குவம் அதில் ஏற நியாயமில்லை. எவ்வளவு உப்பு என்று கேட்டால் ‘போடற அளவு’ என்பார். எத்தனை நாள் காய வேண்டும் என்றால் ‘காயற வரைக்கும்’ என்பார். இரண்டும் துல்லியமான பதில்கள்தான், கூட நின்று பார்த்தவருக்கு. அப்படிக் கூட நிற்க வீட்டில் நேரம் உள்ளவர் யார் என்று பார்த்தால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா ஒருவர்தான் அகப்படுகிறார். ஆயா அவரை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. சித்திரை மாதத்தில் குடையும் குச்சியும் கொடுத்து மாடியில் காக்கா விரட்ட உட்கார வைக்கிறார். அந்த 88 நிமிடத்திலும் பாதிக்கு மேல் ஃபோன் பார்ப்பதில் போய்விடுகிறது என்பது சாயங்காலம் உருண்டைகளை எண்ணிப் பார்க்கும் ஆயாவுக்கு எந்தக் கணக்கெடுப்பும் இல்லாமலே தெரிந்துவிடும்.