மேர் வந்தார், ஆணையர் வந்தார், தேர்தல்தான் வரவில்லை

1783 செப்டம்பர் 3. வெர்சாய் அரண்மனையில் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜின் ஆளும் பிரான்ஸ் ராஜா பதினாறாம் லூயியின் ஆளும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்கா கையைவிட்டுப் போன துக்கம் ஒருவருக்கு. அமெரிக்காவுக்கு உதவப் போய்ச் சேர்ந்த கடன் இன்னொருவருக்கு. அவ்வளவு பெரிய விவகாரத்துக்கு நடுவே பதினான்காவது பிரிவில் நம் இரண்டு ஊர்கள் எட்டிப் பார்க்கின்றன: வில்லியனூர், பாகூர். புதுச்சேரிக்குச் சுற்றுவட்டாரம் போதாதாம். அதனால் இந்த இரண்டையும் சேர்த்துத் தர இங்கிலாந்து ஏற்பாடு செய்ய வேண்டுமாம்.

பாகூர் ஏரி ஊருக்கு எந்தப் பக்கம் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பாகூர்க்காரரை ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்த வழக்கம் அப்போது இல்லை. இப்போதும் பெரிதாகக் கிடையாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இப்படிக் கை மாறுவது இந்த ஊர்களுக்குப் புதிதுமல்ல. 1749-ல் ஆற்காட்டு நவாப் நாற்காலிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸ் செய்த உதவிக்கு நன்றிக்கடனாக இவற்றைத் தூக்கிக் கொடுத்தார். தேர்தலில் வேலை பார்த்தவருக்கு வாரியத் தலைவர் பதவி கொடுப்பது பிற்கால நாகரிகம். அன்றைக்கு ஊரையே கொடுத்துவிடுவார்கள். மூன்றே வருடத்தில், 1752-ல், பாகூரில் சண்டை. பிரெஞ்சுப் படைக்குத் தலைமை துப்ளேக்ஸின் மருமான் கெர்ழான். எதிரே ஆங்கிலேயர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். மாமாவின் செல்வாக்கில் வந்த தளபதிகள் வழக்கமாக என்ன செய்வார்களோ அதையே கெர்ழானும் செய்தார்: தோற்றார், சிறைப்பட்டார். 1760-ல் வில்லியனூர்க் கோட்டையை ஆங்கிலேயத் தளபதி கூட் பிடித்தார். அதன் பிறகு 1761, 1778, 1793, 1803 என்று நான்கு முறை ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில் சமாதானம் ஆனதும் திருப்பிக் கொடுத்தார்கள். 1816-ல் கடைசியாகத் திருப்பித் தந்தபோது ஊர்க்காரர்களுக்கு எந்தக் கொடி பறக்கிறது என்று அண்ணாந்து பார்க்கும் ஆர்வமே போயிருக்கும்.

இந்த ஊர்களுக்குத் தங்களைத் தாங்களே நடத்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய பாகூர்ச் செப்பேடு இருக்கிறது. அங்கே நடந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களின் வருமானத்தை எழுதி வைத்த பத்திரம் அது. கல்லூரிக்கு நிதி ஒதுக்கி, அதை அழியாத உலோகத்திலும் பதித்து வைத்த அரசாங்கம் அதற்குப் பின் அந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

பங்காரு வாய்க்கால் இன்னொன்று. சொர்ணாவூர்ப் பக்கமிருந்து பெண்ணையாற்றுத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருவது. சிங்காரி, பங்காரி என்ற இரண்டு தாசிகள் வெட்டியது என்பது ஊர்க்கதை. பிரெஞ்சுக்காரர்கள் வந்தபின் நிலைமை என்னவென்றால், ஏரி பிரான்சில், தண்ணீர் புறப்படும் இடம் பிரிட்டிஷ் இந்தியாவில். வரைபடத்தைப் பார்த்தால் புதுச்சேரி வட்டாரமே பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள்தான். நடுநடுவே அந்நிய நாடு. மாடு தாண்டினால் சர்வதேசப் பிரச்சினை. அந்த எல்லை இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அது மதுக்கடைகளின் புண்ணியம். கடலூர் போகிற பேருந்தில் தூங்கிக்கொண்டு போகிறவர்கூடக் கன்னியக்கோயிலில் கண் விழித்துவிடுவார்.

சரி, ஓட்டுக்கு வருவோம்.

1879-ல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்தது. 1880 மார்ச் 12-ல் பாரிசிலிருந்து ஓர் ஆணை வந்தது: பிரெஞ்சிந்தியா முழுவதும் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பகுதிகளாகப் பிரிக்கப்படும், ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுத்த மன்றமும், மேர் என்ற தலைவரும் இருப்பார்கள். புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று இங்கே நான்கு. 1907-ல் அதை எட்டாக்கினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை மாகாணத்துக் குடியானவன் ஓட்டு என்றால் என்னவென்றே அறியாத காலம் அது. அவனுக்கு வயது வந்தோர் வாக்குரிமை கிடைக்க 1952 ஆயிற்று. வில்லியனூர்க் குடியானவனோ எழுபது வருடம் முன்னதாகவே வாக்காளன். பெண்களுக்கு மட்டும் 1940-கள் வரை பொறுமை வேண்டியிருந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சொன்ன குடியரசுக்குச் சகோதரிகள் ஞாபகம் வர அவ்வளவு காலம் பிடித்தது.

பிரெஞ்சுச் சட்டத்தில் மேருக்கு நீலம், வெள்ளை, சிவப்பு மூவர்ணப் பட்டை உண்டு. பஞ்சகச்சத்துக்கு மேல் அதைக் குறுக்கே கட்டிக்கொண்டு மேரி என்ற தன் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறந்தவன், செத்தவன், கல்யாணம் பண்ணியவன் கணக்கையெல்லாம் பதிவேட்டில் ஏற்றும் பெரிய மனிதரைக் கற்பனை செய்து பாருங்கள். எமனுக்குச் சித்திரகுப்தன் என்றால் பிரான்சுக்கு மேர்.

சமத்துவத்துக்கு வருகிறேன். 1884 முதல் 1899 வரை வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். ஐரோப்பியர்கள் ஒன்று. சொந்தச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட இந்தியர்கள் ஒன்று. மற்ற எல்லாரும் ஒன்று. முதல் பட்டியலில் நூற்றுக்கணக்கில்தான் ஆள். மூன்றாவதில் ஊரே இருந்தது. மூன்று பட்டியலுக்கும் சம பங்கு இடம். இதற்குப் பெயர்தான் சமத்துவம் என்று பாரிசில் யாரோ மனமார நம்பியிருக்கிறார்கள்.

மூன்றாவது பட்டியலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தவர் சண்முக வேலாயுத முதலியார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அவர் கை காட்டியவர்தான் ஜெயித்தார். பாரிஸ் நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவுக்கு ஒரு பிரதிநிதி உண்டு. பியேர் ஆலிப் என்பவர் 1881 முதல் 1898 வரை அந்த இடத்தில் இருந்தார். வில்லியனூரின் களிமண்ணுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. கேட்கிறவன் ஓட்டுதான் முதலில் பெட்டிக்குள் போயிருக்கும், அவன் போவதற்கு முன்னால்.

ஆமாம், அதுதான் வழக்கம். தேர்தல் நாளில் வாக்காளர் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம். வராவிட்டாலும் ஓட்டு வந்துவிடும். செத்தவர்களும் கடமை தவறுவதில்லை. ஒரு கோஷ்டியின் தடியடி ஆட்கள் இன்னொரு கோஷ்டியின் ஆட்களைச் சாவடிப் பக்கம் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். மேர் யாருடைய ஆளோ, எண்ணிக்கை அவருடையது. பிரெஞ்சிந்தியத் தேர்தல் என்றாலே பாரிசில் பத்திரிகைக்காரர்கள் வாய்விட்டுச் சிரிக்கிற அளவுக்குப் பெயர் கெட்டுப்போயிருந்தது.

1914 தேர்தலைச் சொல்லாமல் விட முடியாது. போட்டியில் இரண்டு பால்கள்: பால் புளூசென், பால் ரிஷார். அப்போது புதுச்சேரியில் இருந்த அரவிந்தர் இந்தக் கூத்தைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம்: சீட்டில் பால் ரிஷார் என்று அச்சடித்திருந்த இடத்திலெல்லாம் பால் புளூசென் என்று வாசித்துவிட்டார்கள். எவ்வளவு சிக்கனமான மோசடி பாருங்கள். பெட்டியை உடைக்கவில்லை, சீட்டை மாற்றவில்லை. வாசிப்பவரின் வாய் மட்டும் போதுமானதாக இருந்தது. மின்னணு இயந்திரத்தைச் சந்தேகிக்கிறவர்கள் நம் முன்னோர் மனித இயந்திரத்தை வைத்தே சாதித்ததை எண்ணிப் பெருமைப்படலாம். ரிஷார் படுதோல்வி. அவரோடு வந்த மனைவி மிராதான் பின்னாளில் ஆசிரமத்தின் அன்னை. தேர்தலில் தோற்கக் கூட வந்த குடும்பம் ஊரின் முகவரியையே மாற்றியது வேறெங்கும் நடந்ததில்லை.

கவர்னர்கள் இதையெல்லாம் கண்டுகொண்டார்களா என்றால், அவர்களுக்கு வில்லியனூரில் வருடம் ஒரு நாள் வேலை. திருக்காமீசுவரர் தேரின் வடத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். மதத்தையும் அரசையும் தனித்தனியாகப் பிரித்துச் சட்டம் போட்ட நாட்டின் பிரதிநிதி, வில்லியனூர்த் தேருக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கிக்கொண்டார். அதே ஊரில் 1877-ல் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த லூர்து மாதாவும் குடியிருந்தாள். ஆக, இரண்டு பக்கமும் கணக்கு நேர். பிரெஞ்சுக்காரர் போனபிறகும் வடம் அனாதையாகவில்லை. துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார், முதலமைச்சர் வந்து பிடிக்கிறார். கொம்யூன் நிர்வாகத்தில் தொய்வில்லாமல் தொடரும் ஒரே ஏற்பாடு இதுதான்.

1954. பாரிஸ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து பிரெஞ்சுக்காரர் பக்கம் பேசிய எதுவார் குபேருக்கு மார்ச் மாதம் தேசபக்தி பீறிட்டது. மார்ச் 18-ல் புதுச்சேரி மேரும் சுற்றுவட்டக் கொம்யூன் மேர்களும் சேர்ந்து, வாக்கெடுப்பே வேண்டாம், நேரே இந்தியாவோடு இணைகிறோம் என்று தீர்மானம் போட்டார்கள். வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? மார்ச் 31-ல் நெட்டப்பாக்கத்தில் குபேர் இந்தியக் கொடியை ஏற்றினார். அதற்கு முன் பல வருடம் அடி வாங்கிச் சிறை போய், நாடு கடத்தலும் கண்ட வ. சுப்பையா போன்றவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. விருந்துக்குக் கடைசியில் வந்தவருக்குத்தான் தலைவாழை இலை. 1963-ல் முதல் முதலமைச்சரும் குபேர்தான். கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் பெயர் அவருடையது.

கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது, அக்டோபர் 18-ல். இடம் புதுச்சேரி நகரம் அல்ல, வில்லியனூர் கொம்யூனின் ஒரு சின்னக் கிராமம், கீழூர். இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்தவர்கள் 178 பேர், எல்லாரும் சட்டமன்ற, நகர்மன்ற உறுப்பினர்கள். 170 பேர் ஆம், 8 பேர் இல்லை. தன் ஊரில் நாட்டின் தலையெழுத்து எழுதப்படுவதைக் கீழூர்க்காரர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். கொம்யூனில் ஓட்டுரிமை வந்து 74 வருடம் ஆகியிருந்தது.

நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி ஒப்படைக்க 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது. வீட்டைக் காலி செய்தவர் எட்டு வருடம் கழித்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்த கதை. இதனால் புதுச்சேரிக்காரருக்குக் கொண்டாட்டத்தில் குறைவே இல்லை. ஆகஸ்ட் 15 நாட்டுக்கு, மறுநாள் 16 கீழூருக்கு, நவம்பர் 1 விடுதலைக்கு. ஒரு சுதந்திரத்துக்கு மூன்று தடவை கொடியேற்றுகிற ஊர் வேறு எது?

இணைந்த பிறகாவது உள்ளாட்சி செழித்ததா? 1968-ல் பழைய பிரெஞ்சு முறையில் ஒரு தேர்தல். 1973-ல் புதிதாகக் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் செய்து 1974 குடியரசு தினத்தில் அமலாக்கினார்கள். மேர் பட்டை போனது, வில்லியனூரும் பாகூரும் கொம்யூன் பஞ்சாயத்து ஆயின. சட்டம் தயார், பலகை தயார். தேர்தல் மட்டும் 2006-ல் வந்தது. 38 வருடம் கழித்து, அதுவும் நீதிமன்றப் படியேறிய பிறகு. அந்த உறுப்பினர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2018-ல் தேர்தலை நடத்தும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் தேதியே அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுக் குளறுபடியில் அது வழக்காகி, தேதி பின்வாங்கியது.

ஏன் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என் கணக்கு எளிது. 2011 மக்கள்தொகையில் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு முப்பது எம்.எல்.ஏ. தொகுதிக்கு நாற்பதாயிரம் சொச்சம் பேர். தெருவிளக்கு, சாக்கடை, முதியோர் பென்ஷன், எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் வரிசை. நடுவே ஒரு கவுன்சிலர் வந்தால் அந்த வரிசை இரண்டாகப் பிரியும். தன் வாசல் கூட்டத்தைக் குறைக்கத் தானே சட்டம் போடும் அரசியல்வாதியை எந்தக் கட்சியிலும் காட்டுங்கள் பார்க்கலாம். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத கொம்யூனை நடத்த அரசு அனுப்பும் ஆணையர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. போட்ட இடத்தில் உட்காருவார்கள், மாற்றினால் எழுந்து போவார்கள்.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று உண்டு. 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகள், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தாக்களின் குடும்பங்கள், இன்றும் ஆயிரக்கணக்கில் இங்கே இருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பிரான்ஸ் அதிபர் தேர்தல் தவறாமல் வரும். அவர்களும் இங்கேயே ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள். ஆக, வில்லியனூரில் ஒருவர் எலிசே அரண்மனையில் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யலாம். தன் தெருவுக்கு வார்டு உறுப்பினர் யார் என்று முடிவு செய்ய முடியாது.

அடுத்த முறை சட்டசபைக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் கும்பிட்டு நிற்கும்போது தண்ணீர், ரோடு, வேலை எல்லாவற்றையும் கேளுங்கள். கொம்யூன் தேர்தல் எந்த மாதம் என்பதையும் கேளுங்கள். "விரைவில்" என்று சொன்னால் தேதி சொல்லும் வரை விடாதீர்கள்.