வி.பி.என். அண்ணன்

நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம், நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தாற்போல் குடியிருக்கும் எந்தத் தெருவுக்குப் போனாலும் அங்கே ஒரு வி.பி.என். அண்ணன் இருப்பார். நாற்பதைத் தாண்டியவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. பகலெல்லாம் அடுத்தவன் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர், சாயங்காலம் அதே சேவையை ஊருக்கு இலவசமாகச் செய்கிறார். சாப்பிடத்தான் கூப்பிட்டிருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரை "உக்காருங்கண்ணா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், தலை உங்கள் டிவிக்குப் பின்னால் போயிருக்கும்.

"ஸ்டிக்கை நேரா டிவியிலேயே சொருகிட்டீங்களா?"

குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லையா என்று கேட்கிற குரல் அது. டிவியில் சொருகிப் படம் பார்க்கிற அந்த ஸ்டிக் வந்த டப்பாவுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு குட்டி எச்.டி.எம்.ஐ. வயர் இருக்கும். ஸ்டிக்கை டிவியின் முதுகிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால் வைஃபை நன்றாக எட்டும் என்பதற்காகக் கம்பெனிக்காரனே போட்டுக் கொடுப்பது. நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் அதைப் பேக்கிங் சாமான் என்று நினைத்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால், குழந்தை அதைப் பாம்பு என்று வைத்து விளையாடிக்கொண்டிருக்கும். அண்ணன் விடமாட்டார். பொம்மைக் கூடையைக் கவிழ்த்து, வயரைக் கண்டெடுத்து, கரைக்கு எட்டிய மீனைப்போல இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். குழந்தை அழும். அண்ணன் கவனம் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும்: ரௌட்டர் எங்கே?

ரௌட்டர் பேஸ்மென்ட்டில், சோனா மசூரி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். இருப்பதிலேயே யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்து வைத்திருப்பீர்கள். "அரிசிக்கா இன்டர்நெட் குடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, மூட்டையை நகர்த்தும் வேலையை உங்களிடம் விட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு மாடி ஏறிவிடுவார்.

இதுவரை சொன்னதெல்லாம் பூர்வாங்கம். அவருடைய உண்மையான சபை, வேகம் பற்றிய பேச்சில்தான் கூடும். "அண்ணா, என் போன்ல 400 வருது" என்று யாராவது அறியாமல் சொல்லிவிட வேண்டும். "போன்லயா படம் பாக்கப் போறோம்? ஸ்டிக்ல ஓட்டிக் காட்டு, வி.பி.என்.னைப் போட்டுட்டு ஓட்டு." ஓட்டினால் 22 வரும். அண்ணன் முகத்தில் அப்போது தெரியும் நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிரச்சினை இருக்கிறது, ஆகவே தானும் இருக்கலாம்.

இதில் அவர் சொல்வது ஒன்றும் தப்பில்லை என்பதுதான் நம் சங்கடம். வி.பி.என். என்றால், இங்கே இருந்துகொண்டே இந்தியாவில் இருப்பதுபோல் காட்டிக்கொள்ள, போகிற வருகிற ஒவ்வொன்றையும் பூட்டுப் போட்டு அனுப்ப வேண்டும், வந்ததைத் திறக்க வேண்டும். கட்டைவிரல் அளவு ஸ்டிக்குக்குள் இருக்கும் குட்டி பிராசஸர் படத்தையும் காட்டிக்கொண்டு இந்தப் பூட்டுச் சாவி வேலையையும் பார்த்தால் மூச்சு வாங்கும். அடுத்தது தூரம். நெட்ஃபிளிக்ஸ் போன்றவர்கள் தங்கள் படங்களை அந்தந்த ஊர் இன்டர்நெட் கம்பெனிக்குள்ளேயே பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். வி.பி.என். போட்டதும் பக்கத்துப் பெட்டியை விட்டுவிட்டு வேறு தேசத்துக்குப் போய்வர வேண்டியிருக்கும். "தாம்பரத்துல ஏறி வண்டலூர்ல இறங்க வேண்டியவன், பெங்களூரைச் சுத்திக்கிட்டு வர்ற மாதிரி" என்பார் அண்ணன்.

கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. நியூ ஜெர்சிக்கும் மும்பைக்கும் நடுவே ஏறக்குறைய 12,500 கிலோமீட்டர். நேர்கோட்டில் ஓடினாலே ஒருமுறை போய்வர நொடியில் எட்டில் ஒரு பங்கு ஆகிவிடும். ஒவ்வொரு "வந்துச்சா?"வுக்கும் ஒவ்வொரு "வந்துச்சு"க்கும் அந்தக் கூலி. இதைச் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்லிவிடுவார். ஊற்றுவது அடுத்தவர் இலையில் என்பது அவருக்குத் தெரியாது.

"சரிண்ணா, இந்தியா சர்வர்தானே போட்டிருக்கேன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருப்பார். "இந்தியா சர்வர் இந்தியாவுலயா இருக்குன்னு நினைச்சிட்டிருக்கே?" என்று ஆரம்பித்தால் 2022-க்குப் போய்விடுவார். அந்த ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு, வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் பெயர், முகவரி முதலான விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட் வி.பி.என். எல்லாம் இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸும் சர்ஃப்ஷார்க்கும் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் உட்கார்ந்துகொண்டு இந்திய முகவரியை மட்டும் கொடுக்க ஆரம்பித்தன. "சிங்கப்பூர் இங்கேருந்து 15,000 கிலோமீட்டருக்கு மேல. லண்டன் சுமார் 5,600. நீ எதைப் போட்டிருக்கே?" நாம் எதையும் போடவில்லை. தேசியக்கொடி படம் இருந்தது, அதை அமுக்கினோம்.

ஒரு வளைகாப்பில் அண்ணனை ஆண்கள் பக்கம் உட்காரவைத்தார்கள். அங்கே பேச்சு வீட்டுக்கடன் வட்டி பற்றிப் போய்க்கொண்டிருந்தது. அதை எந்தச் சந்தில் திருப்பினாரோ, வளையல் அடுக்கி முடிப்பதற்குள் வயர்கார்டுக்கு வந்துவிட்டார். வி.பி.என். பூட்டுப் போடும் முறைகளில் ஓப்பன் வி.பி.என். பழைய ஆள், கனமான ஆள். வயர்கார்டு ஏறக்குறைய 4,000 வரி நிரல்தான், 2020-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே 2018-ல் அதைக் கலைப்படைப்பு என்று பாராட்டினார். பக்கத்தில் இருந்த பெரியவர் இதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "பையன் எந்த ஊர்ல இருக்கான்?" என்றார். அறிவுரை மட்டும் நல்ல அறிவுரை. செட்டிங்ஸில் ஓப்பன் வி.பி.என். என்று இருக்கும் அந்த ஒரு வரியை வயர்கார்டு என்று மாற்றினால் சின்ன ஸ்டிக்குகளில் வேகம் இரண்டு மூன்று மடங்குகூட ஏறுவதுண்டு. அதைச் சொல்லிவிட்டு அவர் சும்மா இருந்தால் நாமும் கும்பிட்டுவிட்டுப் போவோம்.

இப்படி வி.பி.என். போட்டு வேறு தேசம் வழியாகச் சுற்றி வருவதைப் படம் காட்டுகிற கம்பெனிகள் விரும்புவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலேயே இதைத் தடுக்கப்போவதாக அறிவித்துவிட்டது. "காசு கட்டித்தானேப்பா பாக்குறோம்" என்பது அண்ணன் பதில். இந்தியச் சந்தாவைக் கட்டுவது சென்னையில் இருக்கும் அவருடைய அப்பா. ஓ.டி.பி.யும் அவர் போனுக்குத்தான் போகும். கண்ணாடியைத் தேடி எடுத்து, "ஏழு... இருடா, ஏழா ஒண்ணா தெரியலை" என்று அவர் படித்து முடிப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். எந்த வயர்கார்டாலும் சரிசெய்ய முடியாத தாமதம் அது.

இனி ஐ.பி.எல். ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவில் மாலை 7:30-க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை 10 மணி. சென்னை ஆடுகிறது. இங்கே கிரிக்கெட் காட்டும் வில்லோ சேனலில் காசு கட்டி, எந்தச் சுற்றுவழியும் இல்லாமல் பார்த்துவிடலாம். அண்ணன் அதற்கும் கட்டியிருக்கிறார். ஆனால் அவருக்குத் தமிழ் வர்ணனை வேண்டும். ஆகவே ஹாலில் பெரிய டிவியில் வி.பி.என்., உள் அறையில் பையனின் கம்ப்யூட்டரில் வில்லோ. வந்தவர்கள் ஹாலில் மஞ்சள் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் வேகமானி முள் ஏறி இறங்குகிறது.

"31" என்றார் அண்ணன், உதட்டைப் பிதுக்கி.

"31 போதும்ணா. 4கே படத்துக்கே 15 போதும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்றான்" என்றான் ஒரு தம்பி.

"போதும்னு நினைச்சிருந்தா மனுஷன் குகையை விட்டு வெளிய வந்திருப்பானா?"

ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமியார், "எவ்வளவு வரணும் மாப்ளே?" என்று கேட்டார். "300 எம்.பி.பி.எஸ். அத்தை." "எங்க தெருவுக்கே ஒரு எம்.பி.பி.எஸ்.தான். அவரும் சாயங்காலம்தான் வருவார்" என்று சொல்லிவிட்டு அவர் உள் அறைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

டாஸ் முடிந்தது. முள் திடீரென்று 9-க்கு விழுந்தது. அண்ணன் காதைத் தீட்டினார். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது. மைக்ரோவேவும் பழைய வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வாழ்கிறவர்கள், ஒருவர் கத்தினால் மற்றவருக்குக் கேட்காது. "யாரும் எதையும் சூடு பண்ணக்கூடாது!" என்று உத்தரவு போட்டார். "ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திடுங்களேன்" என்று அண்ணி சொன்னது உள்ளே போன மாதிரித் தெரியவில்லை. அவர் தரப்பில் பிரச்சினையின் பெயர் சாம்பார் என்று முடிவாகிவிட்டது. எல்லோரும் ஆறிப்போன சாம்பாரில் இட்லியைத் தோய்த்தார்கள்.

முதல் ஓவர் ஹாலுக்கு வந்து சேர்ந்தபோது புதுச் சிக்கல். தமிழ் வர்ணனை கணீரென்று கேட்டது, படமும் கண்ணாடியாக இருந்தது. ஆனால் பந்து வீச்சாளர் ஓடிவர ஆரம்பிக்கும்போதே உள் அறையில் "ஐயோ!" என்று கத்திவிட்டார்கள். ஹாலில் இருந்த நாங்கள் ஐயோவை வைத்துக்கொண்டு, அது எப்படி ஆகப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சஸ்பென்ஸ் இல்லாத ஆட்டத்தை எத்தனை பேர் எத்தனை ஓவர் பார்ப்பார்கள்? தண்ணீர் குடிக்க எழுந்த ஒவ்வொருவரும் உள் அறை வழியாகத்தான் தண்ணீருக்குப் போனார்கள்.

ஹாலில் கடைசியில் அண்ணனும் நானும். நான் இருந்தது வயரைப் பிடித்துக்கொள்ள. வைஃபையே வேண்டாம் என்று முடிவு செய்து, பேஸ்மென்ட்டிலிருந்து மாடிப்படி வழியாக ஒரு நீல லேன் வயரை இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்டிக்கில் அடாப்டரை மாட்டிச் சொருகினார். முள் சரசரவென்று ஏறியது. 60, 80, 90. 94-ல் நின்றது. வி.பி.என்.னை அணைத்துப் பார்த்தார், 94. லண்டனை விட்டுச் சிங்கப்பூருக்குப் போய்வந்தார், 94. அடாப்டரை உருவித் திருப்பிப் பார்த்தார். அடியில் எறும்பு எழுத்தில் 10/100 என்று போட்டிருந்தது. நூறு என்று போட்ட அடாப்டரில், கழிவு போகக் கைக்கு வருவது 94தான். மாதாமாதம் 1000-க்குப் பணம் கட்டுகிற மனிதர், தரையில் உட்கார்ந்தபடி அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து வேறு அடாப்டர் தேட ஆரம்பித்தார்.

உள் அறையில் கைதட்டல் ஓய்ந்து, ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்த எதிர்வீட்டுத் தம்பி, மஞ்சள் சட்டையோடு ஹாலுக்குள் ஓடிவந்தான்.

"அண்ணா, சென்னை எவ்வளவு?"

"94" என்றார் அண்ணன், தலையைத் தூக்காமல்.

"94-க்கு ஆல் அவுட்டா!"

"ஆமாப்பா" என்றார் அண்ணி, காலி ஹாட்பாக்ஸைக் கழுவப் போட்டபடி. "இட்லியும்தான்."