அமாவாசை பார்த்து டிக்கெட் போடவும்

அன்புள்ள அக்காவுக்கு,

“முஸ்தபா கடையையும் சிங்கம் தண்ணி துப்புறதையும் விட்டா அந்த ஊர்ல வெளியில பார்க்க என்னடா இருக்கு? எல்லாம் கட்டடம்தானே?” என்று கேட்டிருந்தாய். கூடவே, கோடை விடுமுறைக்கு அம்மா, அத்தான், பிள்ளைகள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு வரப்போவதாக ஒரு வரி. அந்த வரிதான் உன் தம்பியைக் கிளப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் தேக்காவில் ஒரு பிரியாணி, அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் என்று ஒழுக்கமாக வாழ்ந்துகொண்டிருந்தவன், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகச் சிங்கப்பூரின் காடு, சேறு, மலை எல்லாவற்றையும் வேவு பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறான்.

முதலில் மலை. புக்கிட் தீமாதான் இந்தத் தீவின் மிக உயரமான இயற்கை மேடு: 163.63 மீட்டர். புள்ளிக்குப் பின்னால் உள்ள 63 சென்டிமீட்டரைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உச்சியில் ஒரு பாறையில் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். பழனிப் படி ஏறி இறங்கும் அம்மா இதைப் பார்த்தால், “அடிவாரம் வந்தாச்சு, மலை எங்கடா?” என்பாள். ஆனால் மலையைப் போர்த்தியிருக்கும் காடு அசல் காடு, 1883இலிருந்தே காத்துவருகிறார்கள்.

அடுத்தது மெக்ரிச்சி நீர்த்தேக்கம். அங்கே காட்டுக்குள் பல கிலோமீட்டர் நடந்தால் 2004இல் திறந்த தொங்குபாலம் வரும். நீளம் 250 மீட்டர். உயரமான இடத்தில் நின்றால் காட்டுத் தரை 25 மீட்டர் கீழே. ஒருவழிப்பாதை, பயந்து திரும்பி ஓட முடியாது. உன் தம்பி கம்பீரமாகத்தான் நடந்தான். ஒரு தடவைகூடக் கீழே பார்க்காதவனின் கம்பீரம்.

கையிலோ எலுமிச்சைச் சாதம் இருந்த பிளாஸ்டிக் பை. பை சரசரத்தால் உள்ளே சோறு இருக்கிறது என்பது இந்தக் காட்டுக் குரங்குகளுக்குத் தெரியும். பாலம் தாண்டிய திருப்பத்தில் ஒன்று வந்தது, பிடுங்கியது, மரமேறி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தது, ஊறுகாயை மட்டும் தூக்கி எறிந்தது. உன் தம்பி குரங்குக்குப் பயப்படவில்லை. சட்டத்துக்குத்தான் பயந்தான். 2020 ஜூன் முதல் இங்கே காட்டுயிர்களுக்கு வேண்டுமென்றே உணவு கொடுப்பது குற்றம்; முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி மாட்டினால் 10,000 வரை. ஐயாயிரம் வெள்ளி நம் காசுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டும். அந்த ‘வேண்டுமென்றே’யைப் பிடித்துக்கொண்டு உன் தம்பி தப்பிக்கலாம்தான். ஆனால் இவன் கொடுத்தானா, அது பிடுங்கியதா என்று சாட்சி சொல்ல அங்கே இருந்தது குரங்கு மட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். காட்டுயிர் என்றால் புலி, கரடி என்று நினைத்துவிடாதே. புறாவும் அதில் அடக்கம். காக்காயும் அடக்கம்.

அமாவாசை அன்று அம்மா இங்கே இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார். இலை போட்டுப் படைத்துவிட்டு, பதினோராவது மாடி சன்னலைத் திறந்து “கா... கா...” என்று குரல் கொடுப்பாள். கவளம் கீழே விழுந்தால் மாடியிலிருந்து குப்பை போட்ட குற்றம். அது தனிக் கணக்கு. காக்கை வந்து தின்றால் மூன்று லட்சம். வராவிட்டால் அம்மாவுக்குச் சட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அப்பாவுக்கு என்ன கோபமோ என்று அன்று முழுவதும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அடுத்த அமாவாசையும் இங்கேயே என்றால் பத்தாயிரம் வெள்ளிக் கணக்கு ஆரம்பம். மகாளய பட்சத்தில் வந்தாலோ... உன் தம்பி கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டான். “அது காக்கை இல்லைங்க, எங்க அப்பா” என்று கோர்ட்டில் சொல்லிப் பார்க்கலாம். அப்புறம் அப்பாவின் விசாவைக் கேட்பார்கள்.

இதில் வேடிக்கை, இங்குள்ள வீட்டுக் காக்கை நம்ம பக்கத்து ஆள். 1890களில் மலாயாவில் காப்பித் தோட்டத்துக் கம்பளிப்புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டிருக்கிறார்கள். காப்பி போய்விட்டது, காக்கை நிலைத்துவிட்டது. வேலைக்கென்று கூட்டிவருவது, வேலை முடிந்த பிறகு “ஏன் இத்தனை பேர்?” என்று முகம் சுளிப்பது எல்லாம் பறவைக்கும் நடந்திருக்கிறது பார்.

காப்பி போன இடத்தில் வந்தது ரப்பர். அதன் கதை தொடங்கிய இடத்துக்கே உங்களைக் கூட்டிப்போகப் போகிறான். பழைய தமிழர்கள் பூமலை என்று சொன்ன தாவரவியல் பூங்கா அது. 1859இல் தொடங்கியது; 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளில் முளைத்த ரப்பர் கன்றுகள் 1877இல் இங்கே வந்து சேர்ந்தன. 1888இல் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சாய்வாகக் கீறிப் பாலெடுக்க வழி கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல், விதைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளை விரட்டி விரட்டிக் கொடுத்தார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பேரே வைத்தார்கள். அப்புறம் கார் வந்தது, டயர் வந்தது, சிரித்தவர்கள் எல்லாரும் ரப்பர் போட்டார்கள். ரிட்லி நூறு வயது வரை இருந்து அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த மரங்களில் பால் வெட்ட நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாயி சாகும்வரை எதிர்பார்த்துக்கொண்டிருந்த பெரிய தாத்தாவின் கடிதமும் அந்த வழியில்தான் எங்கோ நின்றுபோயிருக்கும். உன் தம்பி அங்கே புல்தரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். தோட்டமோ அவ்வளவு அழகு. ஐந்து வெள்ளி நோட்டில் அச்சடித்த தெம்புசு மரத்தை நேரிலேயே பார்க்கலாம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். அம்மா அங்கே பூக்கூடையோடு வரக் கூடாது. பறிப்பதற்கும் அபராதம் உண்டு. அந்தத் தொகையைச் சொல்லி உன் தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம்.

கார்டன்ஸ் பை த பே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 2012இல் திறந்தது, 50 மீட்டர் வரை உயரமுள்ள பதினெட்டு இரும்பு மரங்கள், ராத்திரியில் பாட்டுக்கு விளக்குப் போட்டு ஆடுகின்றன. அது இலவசம். பக்கத்திலேயே இரண்டு பிரமாண்டமான கண்ணாடி மாளிகைகள். வெளியே வேர்வை சொட்டும் ஊரில், குளிர்நாட்டுச் செடி வாடக் கூடாதென்று ஏசி போட்டு வளர்க்கிறார்கள். ஒன்றில் 35 மீட்டர் மலை, அதிலிருந்து அருவி. உன் தம்பி தங்கியிருக்கும் அறையில் ஏசி கிடையாது என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறான்.

சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு வந்தால் அத்தான் ஒரு ஓரமாக உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். உப்புநீர் முதலை, உடும்பு, சேற்றில் தாவும் மீன், 1990களின் கடைசியில் இந்தத் தீவுக்குத் திரும்பி வந்த நீர்நாய். சைபீரியாவிலிருந்து பறவைகளும் வரும். ஆனால் செப்டம்பரிலிருந்து மார்ச்சுக்குள்தான். நீ மே மாதம் வந்தால் முதலைதான் வரவேற்கும்.

ஒரு விஷயத்துக்கு எங்கேயும் போக வேண்டாம், அறையில் படுத்திருந்தாலே போதும். விடிவதற்கு முன்பே குயில் கத்த ஆரம்பித்துவிடும். காக்கைக் கூட்டில் முட்டையிடும் சாதி அல்லவா, காக்கை பெருகியதும் குயிலும் பெருகிவிட்டது. தூக்கம் போகிறது என்று இந்த ஊர்க்காரர்கள் புகார் கொடுக்கிறார்கள். உன் தம்பி கொடுக்கவில்லை. அது கூவும் நேரத்தில் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமலே இருக்கிறான்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் புலாவ் உபின் தீவுக்கு வா. ரயில் நேரத்தை நிமிடக்கணக்கில் பலகையில் காட்டும் இந்த ஊரில், சாங்கியிலிருந்து உபினுக்குப் போகும் படகுக்கு மட்டும் நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். அவசரமென்றால் மிச்சப் பேருக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். நாம் ஆறு பேர் வந்தாலே பாதிப் படகு நிறைந்துவிடும். அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், காட்டுப்பன்றி குறுக்கே போகும், கல் வெட்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து கிடக்கும். தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா. கடல் வற்றும் நேரத்தில் பார்த்தால் கடற்புல்லும் நண்டுமாகத் தரை முழுக்க உயிர். அதை மண் கொட்டித் தூர்க்கத்தான் அரசு முடிவு செய்திருந்தது. மக்கள் திரண்டுபோய்ப் பார்த்தார்கள், மனுக் கொடுத்தார்கள். 2001 டிசம்பரில் வேலையைத் தள்ளி வைத்தார்கள். இன்றைக்கு அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை போட்டுக் காட்டுகிறார்கள். கண்டிப்பான ஊர்தான், ஆனால் சொன்னால் சில சமயம் கேட்கவும் செய்கிறது. நம்மூர்ப் பெரிய குளத்தில் பேருந்து நிலையம் கட்டியபோது நாம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே மே வேண்டாம். அரையாண்டு விடுமுறைக்கு வாருங்கள்; மழை பெய்யும், ஆனால் பறவைகள் இருக்கும். தொங்குபாலம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள். அத்தானுக்குச் செருப்பு சரிப்படாது, சேறு பட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு ஷூ வாங்கிக் கொடு. தேதியை முடிவு செய்வதற்குள் அம்மாவிடம் காலண்டரைக் காட்டிவிடு.