கடலில் விழுந்த ஜன்னல்

அரசாங்கக் காகிதங்களில் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருந்தாலும் எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேராகவே இருந்துவருகிற ஊரில், ஹேடோ துறைமுகத்துக்கு மேலே மேட்டுச் சரிவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைக்க வேண்டியிருந்தபோது, படாக் மரச் சட்டங்களைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்த ஆசாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கதவு உள்ளாற திறக்கணுமா, வெளியவா?" கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற பரவசத்தில் "வெளியே" என்று சொல்லிவிட்டேன். வருஷத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில், வெளியே திறக்கும் கதவை இழுத்துச் சாத்துவதென்றால் பாதி உடம்பை மழைக்குத் தத்தம் செய்தாக வேண்டும் என்ற ஞானம் பிற்பாடுதான் உதயமாயிற்று. ஆனாலும் ஆசாரியின் மேல் எனக்குள்ள பக்தி இன்றளவும் குறையவில்லை. ஜன்னல் செய்கிற ஒருவர் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வது எத்தனை பெரிய தயாளம் என்பதை, ஜன்னல் செய்வதையே ஜீவனோபாயமாகக் கொண்ட நான் நன்கு அறிவேன்.

என்னுடைய ஜன்னல்களுக்கு மரம் வேண்டாம். 1991-இல் பிறந்து 1998-இல் ஆறாம் பதிப்போடு பூரணத்துவம் எய்திய விஷுவல் பேசிக் என்னும் சாதனம் இருந்தால் போதும். ஆலன் கூப்பர் என்பவர் வடிவமைத்த ஒரு கருவியை 1988-இல் விலைக்கு வாங்கிய மைக்ரோசாப்ட் நிறுவனத்தார், அதன் முந்தானையில் பேசிக் மொழியை முடிந்து வைத்ததன் பலனாக உண்டானது அது. அதைத் திறந்த மாத்திரத்தில், கோலம் போடுவதற்குப் புள்ளி வைத்தாற்போன்ற சாம்பல் நிற ஜன்னல் ஒன்று தோன்றும். தோன்றியதும், வலப்புறத்தில் அதன் குணாதிசயங்களின் ஜாபிதா ஒன்று விரியும். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் கேட்பதைப்போல, ஓரம் எப்படி, நிறம் என்ன, இடம்விட்டு நகருமா, பெரிதாகுமா, சிறிதாகுமா, எங்கே உதிக்கும், உதித்த பிறகு எந்த நிலையில் இருக்கும் என்று ஐம்பது கேள்விகள். நான் அக்கறையாக உட்கார்ந்து ஒரு நாள் எண்ணியே பார்த்தேன்; ஐம்பதுக்கு ஒன்று கூட இருந்தது.

அளவு விஷயத்தில் அதன் கண்டிப்பைச் சொல்லி முடியாது. ஆசாரி நாலடிக்கு மூன்றடி என்றார், வேலை முடிந்தது. இங்கேயோ அங்குலத்தை 1440 கூறுகளாக வெட்டி, கூறு ஒன்றுக்கு 'ட்விப்' என்று நாமகரணம் செய்து, அந்தக் கணக்கில்தான் ஜன்னலின் அகல உயரங்களைக் கேட்பார்கள். பழைய நாளைய சிறு திரை ஒன்றை முழுவதும் மறைக்க வேண்டுமானால் 9600 ட்விப் அகலமும் 7200 ட்விப் உயரமும் தேவை. தங்கம் நிறுக்கிற தட்டானுக்குக்கூட இவ்வளவு நுட்பம் தேவைப்படாது.

ஜன்னல் என்ற சொல்லே போர்ச்சுகீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொத்து. அதற்கு முன்னால் நம்மவர்கள் வைத்திருந்த பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண்ணைப் போன்ற காலதர்களைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. விசித்திரம் என்னவென்றால், ஆங்கிலேயர் வழங்கும் 'விண்டோ' என்ற சொல்லுக்கும் பண்டை நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்றே பொருளாம். ஒருவரையொருவர் கண்டறியாத இரண்டு ஜாதியார், ஒருவர் வழி என்றும் ஒருவர் கண் என்றும் சொன்னாலும், காற்று வந்தால்தான் அது ஜன்னல் என்பதில் ஏகாபிப்பிராயம் கொண்டிருந்திருக்கிறார்கள். இந்தச் சொல்லாராய்ச்சியெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், நான் அண்ணாச்சிக்குச் செய்து கொடுத்த ஜன்னலைச் செய்திருக்க மாட்டேன்.

அண்ணாச்சி அபர்தீன் பஜாரில் மொத்த மளிகை வியாபாரம் செய்பவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் பிராயத்தில் கப்பலேறி வந்தவர். சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் அலைகளில் ஆடி வருகிற பருப்பு மூட்டைகளுக்கும் வெங்காயத்துக்கும் கணக்கு வைக்க ஒரு புரோகிராம் வேண்டுமென்று என்னை அழைத்திருந்தார். புரோகிராமைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. கல்லாவில் உட்கார்ந்து பில் போடும் பையனைக் கண்ணால் சுட்டி, தாழ்ந்த குரலில், "தம்பி, இவன் நான் அந்தப் பக்கம் திரும்பினா சீட்டாடுறான். உன் ஜன்னலைத் தவிர அந்தப் பெட்டியில வேற ஒண்ணும் தெரியக் கூடாது" என்றார்.

ஒரு புரோகிராம் எழுதுகிறவனிடம் சொல்லத் தகாத வார்த்தை அது. அதிகாரம் செலுத்தும் ஆசை எங்கள் வர்க்கத்தாருக்குப் பிறவிக் குணம். சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை என்பதனாலேயே நல்லவர்களாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். அன்றிரவு ஜாபிதாவின் முன்னால் உட்கார்ந்தேன். ஓரத்தை இழுத்துப் பெரிதாக்க முடியாதபடி 'பார்டர் ஸ்டைல்' என்ற இடத்தில் நிலையான ஓரம் வைத்தேன். பெரிதாக்கும் பொத்தான் கிடையாது, சிறிதாக்கும் பொத்தான் கிடையாது. மேல்மூலையில் பெருக்கல் குறியோடு நின்று, எந்தக் கஷ்டத்திலும் மனிதனுக்கு ஒரு கதிமோட்சம் உண்டு என்று ஆறுதல் கூறுகிற மூடும் பொத்தானையும், 'கன்ட்ரோல் பாக்ஸ்' என்ற ஒரே குணத்துக்குப் 'பொய்' என்று பதில் எழுதியதன் மூலம் வேரோடு பிடுங்கி எறிந்தேன். 'மூவபிள்' பொய். கீழேயுள்ள பட்டையில் பெயர் காட்டுவதும் பொய். இத்தனை பொய் சொன்ன பிறகும் திருப்தி ஏற்படாமல், விண்டோஸின் சொந்த நூலகத்திலிருந்து 'செட் விண்டோ போஸ்' என்ற மந்திரத்தை வரவழைத்து, மற்ற எல்லா ஜன்னல்களுக்கும் மேலே என் ஜன்னல் சதாகாலமும் வீற்றிருக்கும்படி செய்தேன். அதையும் மீறி யாரேனும் அதை மூட எத்தனித்தால், மூடுவதற்கு முன் புரோகிராமிடம் அனுமதி கேட்கும் சம்பிரதாயம் ஒன்று உண்டே, அங்கே 'அனுமதி இல்லை' என்று ஒரு வரி.

முதல் நாள் சாயங்காலமே பலன் தெரிந்தது. எங்கள் ஊரில் சூரியன் இருப்பது ஓரிடத்தில், கடிகாரம் இருப்பது மற்றோர் இடத்தில். அலகாபாத்துக்குப் பக்கத்தில் ஓடும் தீர்க்கரேகையின் நேரத்தை நாங்களும் அனுசரிப்பதால், நவம்பர் மாதத்தில் மாலை ஐந்து அடிப்பதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். அந்த இருட்டில் பையன் எனக்குத் தொலைபேசினான். "பந்த் நஹீ ஹோ ரஹா ஹை, ஸார்." மூடமாட்டேன் என்கிறதாம். என் ஜன்னல் மூடவில்லை என்பதோடு நிற்கவில்லை. அது அனுமதி மறுத்ததால் கம்ப்யூட்டரையே நிறுத்த முடியவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, டீசல் ஜெனரேட்டர்களை நம்பி வாழும் எங்கள் மின்சாரம் வழக்கம்போல் கண்ணை மூடியபோதுதான் அதுவும் கண்ணை மூடியது. அடுத்த வாரம் பிரிண்டரில் காகிதம் தீர்ந்துபோயிற்று. அதை அறிவிக்க வந்த சிறு பெட்டி, என் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரும் காணாமல், நாள் முழுதும் முறையிட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து என் மாமா வந்திருந்தார். வருகிற உறவினர்களுக்கெல்லாம் செல்லுலார் ஜெயிலைச் சுற்றிக் காட்டுவது இந்தத் தீவில் குடியிருப்போருக்கு விதிக்கப்பட்ட கடமை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தார்கள். நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல அந்நாளில் ஏழு சிறகுகள், ஏறக்குறைய எழுநூறு கொட்டடிகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்து நிற்பதால், கைதிக்குக் கைதி முகம்கூடத் தெரியாது. உயரே மூன்று மீட்டருக்கு அப்பால் ஒரு சிறு காற்றுத் துவாரம். தாழ்ப்பாளோ, உள்ளேயிருக்கிறவன் கை எத்தனை நீண்டாலும் எட்டாதபடி, வெளிச் சுவரின் மாடத்துக்குள்ளே. இதையெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டு வந்தவன், தாழ்ப்பாளண்டை வந்ததும் நாக்குளறி நின்றுவிட்டேன். நிலையான ஓரம், நகர முடியாது, மூடும் திறக்கும் சாதனம் உள்ளே இல்லை, வெளியே. அந்தச் சுவர்களுக்குள் வதைபட்டு மடிந்தவர்களின் எதிரில் மளிகைக் கணக்கை நினைப்பதே அபசாரம் என்று மனம் கடிந்துகொண்டாலும், ஜாபிதா முழுவதும் கண்ணெதிரே ஓடியதை என்னால் தடுக்க முடியவில்லை. 1985-இல் வந்த முதல் விண்டோஸில் ஒரு ஜன்னல் இன்னொன்றின் மேல் படிய முடியாமல், கொட்டடிகள் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடந்தன. 1987-இன் இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து இளைப்பாறும் சுதந்திரம் கிடைத்தது. என் வேலையைப் பற்றி நான் முதல் நாள் இரவு பெருமையடித்துக்கொண்டதைக் கேட்டிருந்த மாமா, தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டினவனும் உன்னை மாதிரி இன்ஜினீயர்தானா மாப்ளே?" என்றார்.

திரும்பி வந்ததும் பிராயச்சித்தமாகச் சில பொய்களை மெய்யாக்கினேன். மற்ற ஜன்னல்களை மேலே வரவிட்டேன். 'அனுமதி இல்லை' என்ற வரியை அழித்தேன். நகர்வதற்கு அனுமதி கொடுத்தேன். அதோடு, கடைசியாக எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தை ஞாபகம் வைத்திருந்து, மறுநாள் அங்கேயே உதிக்கும் புத்தியையும் புகட்டினேன். ஞாபக சக்தி எப்போதும் நன்மைதான் என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

சென்னையில் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மகன் விடுமுறைக்கு வந்தான். கையோடு இன்னொரு திரையும் கொண்டுவந்து, பழைய திரைக்கு வலப்புறத்தில் நிறுத்தி, என் ஜன்னலைப் புதிய அகலத் திரைக்கு இழுத்து விட்டான். விடுமுறை தீர்ந்ததும் திரையைத் துணியில் சுற்றிக்கொண்டு கப்பலேறிவிட்டான். மறுநாள் காலை அண்ணாச்சியின் தொலைபேசி. "தம்பி, ஜன்னலைக் காணோம்."

போய்ப் பார்த்தேன். புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விசைப் பலகையைத் தட்டினால் 'பீப்' என்று உள்ளிருந்து பதில் வந்தது. ஆனால் ஜன்னல் தன் ஞாபகத்தைத் தெய்வமாக நம்பி, பழைய இடத்தில், அதாவது மேஜைக்கு வலப்புறத்தில் வெற்றிமலை முருகன் காலண்டர் தொங்கிய சுவரருகே, அந்தரத்தில் உதித்திருந்தது. இம்மாதிரி காணாமற்போன ஜன்னலை மீட்க ஒரு வழி உண்டு: ஆல்ட் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஜன்னலின் சொந்தப் பட்டியல் விரியும், அதில் 'நகர்த்து' என்பதைத் தேர்ந்து, அம்பு விசைகளால் கரைக்கு இழுத்து வரலாம். விரியவில்லை. ஏன் விரியும்? அந்தப் பட்டியல் குடியிருப்பதே கன்ட்ரோல் பாக்ஸில். மூடும் பொத்தானோடு சேர்த்து அதையும் பிடுங்கி எறிந்த புண்ணியவான் நானே. கடலில் விழுந்தவனுக்குக் கயிறு வீசப் போனால், கயிற்றை முந்தின மாதமே அறுத்து வைத்திருக்கிறேன்.

சாட்டிலைட் வழியே இணையம் சொட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கடலடியில் சென்னையிலிருந்து கேபிள் வந்து சேர்ந்தது 2020-இல்தான். ஆகையால் யாரையும் கேட்க முடியாமல், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் சித்திரகுப்தன் ஏட்டுக்குள் இறங்கி, விஷுவல் பேசிக் புரோகிராம்களின் ஞாபகங்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று சற்று நேரம் சுவரையே நோக்கினார். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தேசப்படம் மாட்டியிருந்தது. ஏதோ ஒரு கம்பெனி இனாமாகக் கொடுத்தது. காகிதம் போதவில்லையோ என்னவோ, தொண்ணூற்றிரண்டாவது தீர்க்கரேகைக்குப் பக்கத்தில், எங்கள் தீவுகள் இருக்க வேண்டிய கடலில், அந்தக் கம்பெனியின் விலாசம் அச்சாகியிருந்தது.

"நாம இருக்கோமா இல்லையா தம்பி?" என்றார்.

"இருக்கோம் அண்ணாச்சி. திரைக்கு வெளியே இருக்கோம்."

இடது ஓரம் என்று எழுதியிருந்த எண்ணை அழித்துப் பூஜ்யம் போட்டதும் ஜன்னல் கரையேறியது. திரைக்கு வெளியே போனால் திரும்பி வரும்படி இரண்டு வரி சேர்த்தேன். பிறகு கோபம் பாதி, களைப்பு பாதியாக, ஜாபிதாவில் நான் கைவைத்த குணங்கள் ஒவ்வொன்றையும், பிறந்தபோது இருந்தபடியே திருப்பி வைத்தேன். ஓரம் இழுபடும், மூன்று பொத்தான்களும் உண்டு, மூடலாம், சுருக்கலாம், விரிக்கலாம். உலகத்தில் எவரும் ஒரு விநாடியில், கை வைக்காமலே, பெறக்கூடிய ஜன்னல்.

மறுநாள் அண்ணாச்சி மேல்மூலையை உற்றுப் பார்த்தார். பெருக்கல் குறியின் மேல் எலியைக் கொண்டுபோய், பயந்து பயந்து அழுத்தினார். ஜன்னல் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். அவர் முகத்தில் அத்தகைய சந்தோஷத்தை நான் வெங்காய விலை ஏறிய நாளில்தான் கண்டிருக்கிறேன்.

"பிரமாதம் தம்பி! மூடுறதுக்கே தனியா ஒரு பொத்தான் வச்சிருக்கியே! இதுக்கு எவ்வளவு ஆச்சு?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டு ஜன்னலின் ஞாபகம் வந்தது. கதவை உள்ளே திறக்கும்படி மாற்றிக்கொடுக்க ஆசாரி முந்நூறு ரூபாய் கேட்டிருந்தார்.

"முந்நூறு, அண்ணாச்சி" என்றேன்.