என்றும் பதினாறு பாலிசி

2023-ல் திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம். எமனையே ஈசன் எட்டி உதைத்த தலம். கலசநீரைத் தலையில் ஊற்றி, "தீர்க்காயுசா இருங்கோ" என்றார் குருக்கள். வேட்டியின் ஈரம் காயவில்லை, மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியிடமிருந்து குறுஞ்செய்தி. நான் அடுத்த வயது ஸ்லாபுக்கு ஏறிவிட்டேனாம். 28,000 ரூபாய் பிரீமியம் இனி 41,000. அதற்குமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. குருக்களின் வாழ்த்து ஈசன் காதில் விழுந்ததோ இல்லையோ, கம்பெனி காதில் விழுந்துவிட்டது.

கோயிலில் எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். கம்பெனியிலும் அதே வயதுக் கணக்குத்தான், சாந்திதான் கிடையாது.

இவர்களுக்கு ஏற்ற வாடிக்கையாளர் என்றும் பதினாறு வயது மார்க்கண்டேயன் ஒருவன்தான். மூட்டு தேயாது, கண்புரை வராது, யுகம் யுகமாகப் பிரீமியம் கட்டுவான். நாமோ எதைச் செய்தாலும் குற்றம். சீக்கிரம் செத்தால் ஆயுள் காப்பீட்டுக்காரனுக்கு நஷ்டம், சாகாமல் கிடந்தால் பென்ஷன் விற்றவனுக்கு நஷ்டம், நோயில் படுத்தால் இந்த மருத்துவக் காப்பீட்டுக்காரனுக்கு. சுதந்திரம் வந்தபோது இந்தியனின் சராசரி ஆயுள் முப்பது சொச்சம், இன்று எழுபது. தடுப்பூசி போட்டு, பிள்ளைப்பேற்றில் தாய்மாரைக் காப்பாற்றி நாடு சேர்த்த ஆயுள் அது. பில் மட்டும் கிழவன் பேரில்!

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சும்மா இருக்கவில்லை. 65 வயது வரை புதுப் பாலிசி தந்தால் போதும் என்றிருந்ததை 2024 ஏப்ரலில் நீக்கியது. கதவு திறந்தது, வாசற்படிதான் மாடி உயரம். 2025 ஜனவரியில் இன்னொரு கருணை: மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதென்றால் ஆணையத்தைக் கேட்க வேண்டும். அதாவது, கேட்காமலே ஏழெட்டு வருஷத்தில் இரட்டிப்பாக்கலாம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமான இபிஎஸ்ஸில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014-ல் வைத்த ஆயிரம் ரூபாயிலேயே பத்து வருஷத்துக்கு மேல் நின்றது. அதற்கு 10 சதவீதம் ஏற்ற ஒருவருக்கும் கை வரவில்லை. நோய்க்குப் பயந்து கிழவன் கட்டிய காசில் எட்டு வருஷம் ஜிஎஸ்டி தின்றுவிட்டு, 2025 செப்டம்பரில் அதை எடுத்தபோது பரிசு என்றார்கள். எழுபது வயதானால் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் உண்டு. அதுவரை நோய்நொடி இல்லாமல் ஓட்டுவது உங்கள் சாமர்த்தியம்.

போன வருஷம் மனைவிக்குப் பித்தப்பை அறுவை. பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 3,000. கிடைத்த அறை 6,000. மிச்ச வாடகையை நான் கட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லையாம். அறைக்குப் பாதி என்றால் டாக்டர் கட்டணத்திலும் பாதி, தியேட்டர் கட்டணத்திலும் பாதி. ஆறாயிரம் ரூபாய் அறைக்காரி என்றால் கத்தியைத் தங்கத்தில் அடிப்பார்கள் போலும். வெட்டியது போக நின்றதிலும் 20 சதவீதம் என் பங்கு. இதெல்லாம் பாலிசியின் பதினெட்டாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில், இருந்தது.

இந்த வருஷப் பிரீமியத்தை வெள்ளிக்கிழமை கட்டிவிட்டேன். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் போட்ட மோதிரம் அடகுக்கடையில் இருக்கிறது.