புகைக்குள் ஒரு கூட்டம்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் அறை. மாணவர்கள் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறார்கள். சுவர்த் துவாரம் வழியே புகை கசிகிறது. பிப் லத்தானே, ஜான் டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனை இது.

தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். இதுவரை மனித குலம் பாஸ்.

அடுத்து, புகையைக் கண்டுகொள்ளாமல் எழுதும்படி சொல்லிவைத்த இருவரை உடன் உட்காரவைத்தார்கள். இந்த முறை பத்துப் பேரில் எழுந்தவர் ஒரே ஒருவர். மற்ற ஒன்பது பேரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், முகத்தருகே வந்த புகையைக் கையால் விசிறிவிட்டுக் கர்ம சிரத்தையாகப் படிவத்தைத் தொடர்ந்தார்கள். ஜன்னலைத் திறக்கக்கூடத் தோன்றியது. கதவைத் திறக்கத்தான் தோன்றவில்லை. (அலுவலக மீட்டிங்கில் தலையாட்டிப் பழகியவர்கள் இங்கே சிரிக்க வேண்டாம்.)

பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத்தான் சும்மா இருந்தோம் என்று பிறகு கிட்டத்தட்ட யாருமே ஒப்புக்கொள்ளவில்லை. நீராவி என்றார்கள், ஏசியிலிருந்து வரும் ஆவி என்றார்கள். இருவர் ஒரு படி மேலே போய், கேள்விகளுக்கு உண்மையான பதிலை வரவழைக்க விட்ட வாயு என்றார்கள். இவ்வளவு யோசித்தவர்களுக்கு, தீயாக இருக்கலாம் என்று மட்டும் படவில்லை.