காற்றைக் கைது செய்யுங்கள்

கொலராடோ சிட்டி என்ற பெயரைக் கேட்டு யாரும் கொலராடோ மாநிலத்துக்கு டிக்கெட் எடுத்துவிட வேண்டாம். அது டெக்சஸ் மாநிலத்தின் மேற்கே, மிட்செல் கவுண்டியில், சுமார் நாலாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். ஊர்தான் சின்னது. 1920-ல் பக்கத்து வெஸ்ட்புரூக்கில் தோண்டிய கிணற்றில்தான் பெர்மியன் படுகையின் முதல் வணிக எண்ணெய் கிடைத்தது. இன்று அமெரிக்கா எடுக்கிற கச்சா எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி அந்தப் படுகையிலிருந்துதான் வருகிறது. கிழக்கே அடுத்த கவுண்டிக்குப் போனால் பருத்திக் காட்டுக்கு நடுவே காற்றாலைகள். ரோஸ்கோ காற்றாலைப் பண்ணை 2009-ல் கட்டி முடிந்தபோது 627 எந்திரங்கள், 781.5 மெகாவாட், அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான். காலுக்குக் கீழே எண்ணெய், தலைக்கு மேலே காற்று. நாட்டுக்கே விளக்கேற்றும் அந்தச் சீமையில்தான் 2021 பிப்ரவரியில் அடித்த பனிப்புயலில் ஜனங்கள் போர்வைக்குள் விறைத்துக் கிடந்தார்கள். மாநிலம் முழுக்க 45 லட்சம் வீடுகளில் மின்சாரம் இல்லை. அரசே ஒப்புக்கொண்ட சாவு 246.

அந்த மாதம் 16-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, மக்களுக்கு இரண்டு உபதேசங்கள் கிடைத்தன. காலையில் கொலராடோ சிட்டி மேயர் டிம் பாய்ட் முகநூலில் எழுதினார். உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ யாரும் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. சோதனைக் காலத்தில் உங்களைத் தாங்குவது உள்ளூர் நிர்வாகத்தின் வேலையல்ல. நீந்துவதும் மூழ்குவதும் உங்கள் பாடு. வலுத்தவர் பிழைப்பார், இளைத்தவர் அழிவார். இதுதான் சாரம். சும்மா கை நீட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப்போயிற்றாம். ஜனங்கள் கை நீட்டிக் கேட்டது என்ன? மாதாமாதம் பணம் கட்டி வாங்குகிற மின்சாரத்தையும் தண்ணீரையும். பதவியை விட்டு விலகிவிட்டதாக அன்றைக்கே அறிவித்தார் மேயர். எனக்கென்னவோ அவர்மேல் மரியாதைதான். மேலே இருப்பவர்கள் எல்லோரும் மனத்தில் வைத்திருந்ததை அவர் ஒருவர்தான் எழுத்தில் வைத்தார். சின்ன ஊர் மேயர், பாவம், இதையெல்லாம் எப்படி நாசூக்காகச் சொல்வது என்று பழகவில்லை.

பழகியவர் இரவு தொலைக்காட்சியில் வந்தார். ஆளுநர் கிரெக் அபட் குற்றவாளியைக் கையோடு பிடித்து வந்திருந்தார்: காற்றும் சூரியனும். அவை நின்றுபோனதால்தான் மாநிலம் முழுக்க மின்சாரத் தட்டுப்பாடு, பசுமைத் திட்டம் என்று பேசுகிறவர்களை விட்டால் நாட்டுக்கே இந்தக் கதிதான் என்கிற தொனியில் பேசினார். மறுநாள் முன்னாள் ஆளுநர் ரிக் பெர்ரியின் முறை. மத்திய அரசு தங்கள் விவகாரத்தில் மூக்கை நுழைக்காமல் இருப்பதற்காக டெக்சஸ்காரர்கள் மூன்று நாளுக்கு மேலும் மின்சாரமின்றி இருப்பார்கள் என்றார். அதே நாள் செனட்டர் டெட் குரூஸ் குடும்பத்தோடு மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்கு விமானம் ஏறினார். அந்த மூன்று நாள் தியாகம் எந்தெந்த வீட்டுக் கணக்கில் என்று அப்போது தெரிந்துபோனது.

காற்றின் மேல் போட்ட குற்றப்பத்திரிகைக்குச் சாட்சியாக ஒரு படமும் சுற்றியது. உறைந்த காற்றாலையின் மேல் ஹெலிகாப்டர் ஒன்று வெந்நீர் தெளிக்கிறது. பாருங்கள், இதுதான் உங்கள் பசுமை மின்சாரம்! பல ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடனில் எடுத்த படம் அது. நம் ஊரிலும் அதே 2021-ல் மின்வெட்டுக்கு அணில் காரணம் என்று அமைச்சர் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம். அணில் அங்கே இல்லாததால் காற்றாடி அகப்பட்டது.

ஆளுநர் பேசிய அதே நாளில் மின்தொகுப்பை நடத்தும் எர்காட் அமைப்பு ஒரு கணக்குச் சொன்னது. முடங்கிக் கிடந்தது ஏறத்தாழ 45,000 மெகாவாட். அதில் 30,000 மெகாவாட் எரிவாயு, நிலக்கரி, அணு உலைகள். காற்றும் சூரியனும் மீதி மட்டுமே. காற்றாலைகளும் உறைந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு குற்றம் செய்தவன் சாட்சிக் கூண்டில் நின்று, மீதிக்காரனைக் காட்டிக்கொடுக்கிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த வாரம் ஒரு கட்டத்தில் இன்னும் 4 நிமிடம் 37 விநாடி போயிருந்தால் மொத்த மின்தொகுப்பும் சரிந்திருக்கும். அப்படிச் சரிந்தால் மீண்டும் எழ வாரக்கணக்கில் ஆகும்.

எரிவாயு ஏன் நின்றது? கிணற்றுத் தலைகள் உறைந்தன என்பது ஒரு பாதி. மறுபாதியைக் கேட்டால் சிரிப்பதா அறைவதா என்று தெரியாது. எரிவாயுவைக் குழாயில் தள்ளும் கம்ப்ரசர்கள் பல இடங்களில் மின்சாரத்தில் ஓடுபவை. தட்டுப்பாட்டில் மின்சாரத்தை வெட்டும்போது ஆஸ்பத்திரிபோல இவற்றையும் விட்டுவைக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே இரண்டு பக்கப் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். ஏராளமான நிறுவனங்கள் கொடுக்கவேயில்லை. ஆகவே எரிவாயு வயலுக்கு மின்சாரத்தை வெட்டினார்கள். வயல் நின்றது. வயல் நின்றதால் மின்நிலையம் நின்றது. மின்நிலையம் நின்றதால் இன்னும் வெட்டினார்கள். கோடிக்கணக்கில் டாலர் புரளும் தொழிலில் இரண்டு பக்கம் எழுத ஒரு குமாஸ்தா அகப்படவில்லை.

இந்தத் தொழிலைக் கண்காணிப்பது டெக்சஸ் ரயில்வே ஆணையம். எழுத்துப் பிழையில்லை. 2005-லிருந்து அந்த ஆணையத்துக்கு ரயிலோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. எண்ணெயும் எரிவாயுவும்தான் அதன் பொறுப்பு. ஆணையர்கள் மூன்று பேர். தேர்தலில் நின்று வருகிறார்கள். தேர்தல் நன்கொடை தாராளமாக வருவது யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களிடமிருந்தே. அப்போதைய தலைவர் கிறிஸ்டி கிராடிக் சட்டமன்ற விசாரணையில் எண்ணெய்வயல்காரர்கள் மேல் பழி இல்லை என்றார். மின்சாரம் போகாமல் இருப்பதுதான் குளிருக்கு எதிரான சிறந்த பாதுகாப்பு என்றார். கொலராடோ சிட்டிக்குக் கிழக்கே அபிலீன் நகரில் தண்ணீர் நின்று, டயாலிசிஸ் செய்ய முடியாமல் நோயாளி ஒருவர் செத்துப்போனார். அவருக்கும் தெரிந்திருக்கும் இந்தப் பாதுகாப்பு. 1989-ல் ஒரு குளிர், 2011-ல் ஒரு குளிர்; குளிர் தாங்கும்படி எந்திரங்களைத் தயார்ப்படுத்துங்கள் என்று 2011-ல் மத்திய அமைப்புகள் அறிக்கையே கொடுத்தன. மூக்கை நுழைக்காதே என்று சொல்லும் மாநிலமாயிற்றே, அறிக்கையைப் படிப்பார்களா?

செத்தவர் கணக்கு அப்படி. பிழைத்தவர் கணக்கைப் பாருங்கள். மொத்த விலையில் யூனிட் சில சென்டுக்குப் போகும் மின்சாரம் அந்த நாட்களில் யூனிட் 9 டாலர். அந்த உச்சவிலையை 32 மணி நேரம் தேவைக்கு மேல் நீட்டிவிட்டார்கள், இதனால் 1,600 கோடி டாலர் கூடுதல் என்று சந்தையைக் கண்காணிக்கும் தனி அமைப்பே சொன்னது. திருத்த மறுத்துவிட்டது மின்சாரத்துக்கான மாநில ஆணையம். எனர்ஜி டிரான்ஸ்ஃபர் என்ற ஒரே குழாய் நிறுவனம் அந்தப் புயலில் சம்பாதித்தது 240 கோடி டாலர். நாலு மாதம் கழித்து, ஜூனில், அதன் தலைவர் ஆளுநரின் தேர்தல் நிதிக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். சட்டப்படி எல்லாம் சரி. எரிவாயு விநியோக நிறுவனங்கள் அந்த வாரம் கொடுத்த கொள்ளை விலையை ஈடுகட்ட 350 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அதை ஆண்டுக்கணக்கில் கட்டப்போவது அடுப்பும் கணப்பும் வைத்திருக்கிற சாதாரணக் குடும்பங்கள். அந்த வாரம் தொட்டிலில் விறைத்த பிள்ளை வளர்ந்து, வேலைக்குப் போய், தான் விறைத்ததற்கான தவணையைத் தன் பில்லில் கட்டும். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதில் மேயருக்குக் கொஞ்சம் தகவல் பிழை.

தலைநகரம் கிடக்கட்டும், ஊருக்குள் வாருங்கள். டெக்சஸில் நிலம் வாங்கினால் மேல்மண்தான் நிச்சயம். கீழே இருப்பதன் உரிமையைத் தாத்தா காலத்தில் யாரோ தனியே விற்றிருப்பார்கள். அது இன்று வேறெங்கோ இருக்கும் ஒருவர் கையில் இருக்கலாம். கீழ்மண்காரன் உரிமையே மேலானது என்பது சட்டம். அவனிடம் குத்தகை எடுத்த நிறுவனம் உன் பருத்திக்கு நடுவே பாதை போடும், குழி வெட்டும், தொட்டி வைக்கும். தொழிலுக்குத் தேவையான அளவு என்றால் நீ தடுக்க முடியாது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பணத்தின் வாசனை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வாசனை மேல்மண்காரனுக்கு, பணம் கீழ்மண்காரனுக்கு. காற்று மட்டும் மேல்மண்காரனுடையது. மழை பொய்த்துப் பருத்தி காய்ந்த வருஷத்திலும் நிலத்துக்காரன் கையில் நாலு காசு புரள்வது காற்றாலை வாடகையால்தான். சட்டம் சம்சாரிக்கு விட்டுவைத்த ஒரே சொத்தின் மேல்தான் ஆட்சியாளர்களுக்கு இத்தனை கோபம்.

காற்றாலைக் கம்பெனிகள் மகாத்மாக்கள் என்று சொல்ல வரவில்லை. ஸ்வீட்வாட்டர் நகரில் கழற்றிய இறக்கைகள் ஆயிரக்கணக்கில் மலைபோல் கிடக்கின்றன. மறுசுழற்சி செய்கிறோம் என்று கொண்டுவந்து கொட்டியவர்கள் செய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் பாம்புக்கும் கொசுவுக்கும் பயந்து சாகிறார்கள். அவர்கள் கோபம் நியாயம். ஆனால் அந்த இறக்கைகளைக் காட்டி அரசியல்வாதிகள் சிந்தும் கண்ணீரில் ஒரு சொட்டு, ரயில்வே ஆணையத்தின் சொந்தப் பட்டியலில் உள்ள 8,000-க்கும் மேற்பட்ட அநாதைக் கிணறுகளுக்கு உண்டா? எண்ணெயை உறிஞ்சிவிட்டு, மூடாமல், முகவரி இல்லாமல் ஓடிப்போனவர்களின் கிணறுகள் அவை. பீகோஸ் கவுண்டியில் ஒரு பழைய கிணறு வருஷக்கணக்காக நச்சு உப்புநீரைக் கக்கி, ஓர் ஏரியே உண்டாகிவிட்டது. போமர் ஏரி என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். எண்ணெய் தேடித் தோண்டிய கிணறு. எண்ணெய் போதாமல் பிறகு தண்ணீர்க் கிணறாகப் பதிவு மாற்றியது. ஆகவே அது எங்கள் பொறுப்பில்லை என்கிறது ஆணையம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

ஸ்வீட்வாட்டருக்கு வேறொரு புகழும் உண்டு. 1958 முதல் மார்ச் மாதத்தில் கிலுகிலுப்பைப் பாம்புத் திருவிழா. பொந்துக்குள் பெட்ரோல் ஆவியை விட்டுப் பாம்புகளை வெளியே வரவழைத்து, பிடித்து, தலையை வெட்டி, தோலுரித்து, வறுத்துத் தின்பார்கள். ஊர் அழகிப் போட்டியில் வென்ற பெண்ணும் கையுறை போட்டுக்கொண்டு தோலுரிப்பாள். பாம்புப் பொந்துக்கு எரிபொருள் போய்ச் சேர வழி தெரிந்த சீமையில், அந்த ஒரு வாரம் வீட்டுக் கணப்புக்குத்தான் வழி தெரியவில்லை.

எண்ணெய்க் கோடீஸ்வரர் பூன் பிக்கன்ஸை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2008-ல் டெக்சஸின் வடமுனையில் உலகின் மிகப் பெரிய காற்றாலைப் பண்ணை கட்டப்போவதாக முழங்கினார். உங்கள் சொந்தப் பண்ணையில் வைப்பீர்களா என்று கேட்டதற்கு, மாட்டேன், அசிங்கமாக இருக்கும் என்றார். கடைசியில் எங்கும் கட்டவில்லை. அடுத்தவன் வாசலில் எது நிற்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது என்ற விஷயத்தில் அந்தக் கூட்டம் ஒருநாளும் குழம்பியதில்லை. டென்டன் நகர மக்கள் 2014-ல் வாக்களித்து, தங்கள் ஊருக்குள் பாறை பிளந்து எரிவாயு எடுப்பதைத் தடை செய்தார்கள். 2015-ல் சட்டமன்றம் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தையே நகரங்களிடமிருந்து பிடுங்கியது. கையெழுத்திட்டவர் அதே அபட். நிறுவனங்களுக்குப் பள்ளிக்கூட வரியில் சலுகை தரும் பழைய சட்டம் 2022-ல் காலாவதியானது. 2023-ல் அதைப் புதுப்பித்தபோது காற்றையும் சூரியனையும் வாசலோடு நிறுத்தினார்கள், எரிவாயு மின்நிலையத்தை உள்ளே விட்டார்கள். போதாதென்று எரிவாயு நிலையங்கள் கட்ட 3 சதவீத வட்டியில் அரசுப் பணம் கடன். இது கை நீட்டுவது ஆகாது; பெரிய மனிதர்கள் நீட்டினால் அதற்குப் பெயர் முதலீடு.

2025-ல் காற்றாலைக்கும் சூரிய மின்நிலையத்துக்கும் மாநில அனுமதி வேண்டும், அண்டை நில எல்லையிலிருந்து தள்ளித்தான் கட்ட வேண்டும் என்று மசோதா வந்தது. சொத்துரிமையை உயிராக மதிப்பதாகச் சொல்லும் கட்சிதான் கொண்டுவந்தது. செனட் நிறைவேற்றியது, கீழவையில் செத்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடும் சட்டமன்றம் அது, மறுபடி கொண்டுவருவார்கள். வரைவு எழுதுகிறவர்களுக்கு ஒரு யோசனை. புயலுக்குப் பிறகு, குளிருக்கு எரிவாயு நிறுவனங்களைத் தயார்ப்படுத்த ரயில்வே ஆணையம் முதலில் எழுதிய விதியில், நாங்கள் தயாராக இல்லை என்று ஒரு படிவம் எழுதி 150 டாலர் கட்டினால் விலக்கு என்று இருந்ததல்லவா? சட்டமன்ற உறுப்பினர்களே கத்திய பிறகுதானே மாற்றினீர்கள். அந்தப் படிவம் அச்சடித்தது மிச்சமிருந்தால் காற்றுக்கும் ஒன்று கொடுங்கள். 150 டாலரை மேல்மண்காரன் கட்டிவிடுவான்.